பூட்டிக்கொண்ட மடிக்கணினியும் மீட்பு பென் டிரைவும்

மடிக்கணினி தன் உரிமையாளரையே உள்ளே விட மறுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களுள் ஒன்று இருக்கும். இயங்குதளம் கேட்கும் கடவுச்சொல் மறந்துபோயிருக்கலாம். அல்லது சேமிப்பு வட்டிலுள்ள தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டு, அவற்றைத் திறக்கும் சாவி கைவசம் இல்லாமற்போயிருக்கலாம். குறியாக்கம் என்பது, உரிய சாவி இல்லாத எவராலும் படிக்க முடியாதபடி ஒரு கணித முறையால் தகவலை உருமாற்றி வைப்பதாகும். கணினியைப் பழுதுபார்ப்பதற்கென்று தயாரிக்கப்படும் மீட்பு பென் டிரைவ் இவ்விரு நிலைகளிலும் பயன்படக்கூடியதே எனினும், அது எதைத் திருப்பித் தரும், எதைத் தராது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைச் செருகுவோர் கணினியைப் பெற்றுத் தகவலை இழக்க நேரிடும்.

இந்த வேறுபாட்டைச் சித்தூர் மாவட்டம் 2017ஆம் ஆண்டிலேயே நேரடியாகக் கண்டது. அவ்வாண்டு மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல், விண்டோஸ் கணினிகளிலுள்ள கோப்புகளைக் குறியாக்கம் செய்துவிட்டு, அவற்றை விடுவிக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் ஆகிய மாவட்டங்களின் காவல்துறைக் கணினிகள் அதற்கு இலக்காயின. அப்போது சித்தூர் மாவட்டத்துக்குள் இருந்த திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகளே சிக்கின. அத்தகைய கணினியில் பென் டிரைவ் கொண்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது எளிது. ஆனால் குறியாக்கத்துக்கு உள்ளான கோப்புகள், வேறோரிடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே உறுதியாகத் திரும்பக் கிடைத்தன.

மீட்பு பென் டிரைவ் செயல்படும் முறை சிக்கலானதன்று. மின்விசையை அழுத்தியதும் கணினி வழக்கமாக உள்வட்டிலுள்ள இயங்குதளத்தைத் தேடி இயக்குகிறது. பூட் என்று சொல்லப்படும் இத்தொடக்க நிலையில் டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12 விசையையும் எச்பி கணினிகளில் எஃப்9 விசையையும் அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் தோன்றும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் உள்வட்டிலுள்ள விண்டோஸ் இயங்காமலே ஒதுங்கிக்கொள்ள, பழுதுபார்க்கும் கருவிகளும் புதிதாக நிறுவும் வசதியும் பென் டிரைவிலிருந்தே வந்து சேர்கின்றன. இதற்கான கோப்புகளை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே வழங்குகிறது. குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவும், நல்ல நிலையிலுள்ள மற்றொரு கணினியும், இணைய இணைப்பும் போதும். தயாரிப்பின்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை யாவும் அழிந்துவிடும் என்பதால், வெற்று பென் டிரைவைப் பயன்படுத்துவதே நன்று.

கடவுச்சொல் மட்டும் மறந்திருந்தால் பென் டிரைவைத் தேடுவதற்கு முன் கணக்கின் வகையைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைபவர், கைப்பேசியிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்கணக்கு வைத்திருப்பவர், முன்பே பதிவுசெய்த மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடையளித்து நுழையலாம்; அல்லது கடவுச்சொல் நினைவிலிருந்த காலத்திலேயே மீட்டமைப்பு வட்டு என்னும் சிறு கோப்பைப் பென் டிரைவில் உருவாக்கியிருந்தால், தகவல் எதையும் இழக்காமல் புதிய கடவுச்சொல்லை அமைக்கலாம். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கோப்பு செல்லும். இவற்றுள் எதுவும் இல்லாதவருக்கு எஞ்சுவது, கோப்புகளையும் செயலிகளையும் அழித்துக் கணினியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்லும் வழிதான். வட்டு குறியாக்கம் செய்யப்படாததாயின், அழிக்கும் முன் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கிக் கோப்புகளை வெளிவட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். உரிமையாளருக்குக் கைகொடுக்கும் இதே வழி திருடனுக்கும் கைகொடுக்கும்; கடவுச்சொல் தனித்து நின்று தகவலைக் காப்பதில்லை.

அந்தக் குறையை நீக்கவே பிட்லாக்கர் என்னும் வட்டுக் குறியாக்க முறை 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு அமைக்கப்படும் புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் அதன் எளிய வடிவம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. தன் வட்டு பூட்டப்பட்டிருப்பது பயன்படுத்துவோருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. தொடக்க அமைப்புகள் மாறினாலோ வன்பொருள் பழுதுபார்க்கப்பட்டாலோ நீலத்திரை தோன்றி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்த இலக்கங்கள் ஆறாறாக எட்டுத் தொகுதிகளாக அமைந்தவை. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதமின்றி வகுபடும்படி ஆக்கப்பட்டிருப்பதால், ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும் பிழை அந்தத் தொகுதியிலேயே பிடிபட்டுவிடும். திரையில் தெரியும் அடையாளக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்துகளை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டுள்ள சாவியின் குறியீட்டோடு ஒப்பிட்டு, அந்தக் கணினிக்குரிய சாவி எது என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

பென் டிரைவும் சாவியும் ஒருசேரத் தேவைப்படும் என்பதை 2024 ஜூலை 19 உலகுக்கே காட்டியது. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின; ஹைதராபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கும் நிலை வந்தது. மைக்ரோசாஃப்ட் விரைந்து வெளியிட்ட பென் டிரைவ் மீட்புக் கருவியைக் கொண்டு பிழையான கோப்பை நீக்க முடிந்தது என்றாலும், பிட்லாக்கர் இயங்கிய கணினிகள் பலவற்றில் முதலில் மீட்புச் சாவியைத் தட்டிய பின்னரே வட்டுக்குள் நுழைய முடிந்தது.

ஆகவே, மீட்பு என்பது பூட்டு விழுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலையாகும். திருப்பதியிலோ சித்தூரிலோ கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு மடிக்கணினி வாங்கித் தரும் குடும்பம், அதே நாளில் மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டுக் கணினிப் பையில் வைக்காமல் வீட்டு ஆவணங்களோடு வைத்து, ஒரு மீட்பு பென் டிரைவையும் தயாரித்து, பாடக்குறிப்புகளையும் ஆய்வேடுகளையும் வெளிவட்டில் வாரந்தோறும் நகலெடுக்கும் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டால், பின்னாளில் கடவுச்சொல் மறந்தாலும் தீநிரல் தாக்கினாலும் இழப்பு அதிகம் போனால் ஒரு வார உழைப்போடு நின்றுவிடும்.