மலிந்து வந்த மஸராட்டி

புதிதாக வந்த காலத்தில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 70,000 பவுன் விலை சொல்லப்பட்டதும், ஃபெராரி தொழிற்சாலையில் உருவான எஞ்சினையும், பினின்ஃபரீனா சித்திரசாலையில் தீட்டிய உருவத்தையும், பொல்ட்ரோனா ஃப்ராவ் என்ற பிரசித்தி பெற்ற ஆசனக்காரர்கள் தைத்த தோலையும் உடையதுமான ஒரு மோட்டார் வண்டி, பதினைந்து வருஷங்களுக்குள் அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கி, பழைய கார் வியாபாரியின் முற்றத்தில் சாதாரணக் குடும்ப வண்டிகளுக்கு நடுவே நிற்கிறதென்றால், அதைப் பார்க்கிறவன் மனத்தில் இரண்டு எண்ணங்கள் ஒருங்கே எழுவது இயல்பு: நமக்கும் ஒரு காலம் வந்தது என்ற ஆனந்தம் ஒன்று, இதில் ஏதோ சூது இருக்கிறது என்ற சந்தேகம் மற்றொன்று. மஸராட்டி குவாத்ரோபோர்த்தே என்னும் நாலு கதவு இத்தாலியக் காரின் விஷயத்தில் இரண்டு எண்ணங்களுக்கும் ஆதாரம் உண்டு. வண்டியின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறதே தவிர, அதற்கு வேண்டிய உதிரிப் பாகங்களின் விலையும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கின் கூலியும் 70,000 பவுன் வண்டிக்கு உரியவையாகவே இருந்துவிடுகின்றன. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். யானை இனாமாகக் கிடைத்தாலும் கரும்பின் விலை குறைவதில்லை.

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சற்று பார்த்துவிடலாம். 1914-இல் இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் ஆல்ஃபியெரி மஸராட்டியும் அவருடைய சகோதரர்களும் தொடங்கிய பட்டறைதான் மஸராட்டி. அந்நகரத்துச் சதுக்கத்தில் உள்ள நெப்டியூன் நீரூற்றுச் சிலையின் கையிலிருக்கும் திரிசூலமே அவர்களுடைய சின்னமாயிற்று. பிறகு ஓர்ஸி குடும்பத்தார் கைக்கு மாறி மோதெனா நகருக்குக் குடிபெயர்ந்து, 1963-இல் துரீன் கண்காட்சியில் முதல் குவாத்ரோபோர்த்தேயை வைத்தார்கள். பந்தயக் காருக்குரிய வி-8 எஞ்சினைக் குடும்பத்தோடு பிரயாணம் செய்யும் வண்டியில் பொருத்திப் பார்த்த துணிச்சலான காரியம் அது. நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 2003-இல் ஃபிராங்ஃபர்ட்டில் அரங்கேறி 2012 வரை வந்த ஐந்தாம் தலைமுறை. அதன் உருவத்தை வகுத்தவர் கென் ஒகுயாமா என்ற ஜப்பானியக் கலைஞர். இத்தாலியக் குடியரசுத் தலைவர் சியாம்பியின் அரசாங்க வாகனமாகவும் அது ஓடியது. 4.2 லிட்டர் எஞ்சின், 400 குதிரைச் சக்தி, மணிக்கு 275 கிலோமீட்டர் வேகம், ஐந்து மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம் என்று சொன்னால் அதன் ஆகிருதி ஒருவாறு விளங்கும்.

பழைய வண்டியின் விலை அதன் தேய்மானத்துக்கு மிஞ்சிச் சரிவதற்குக் காரணம் என்ன என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் ஒரு சிறு கட்டுரையில் ஆராய்ந்தார். சில பத்திரிகைகள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை வகுத்த வழியில் நடந்த ஆராய்ச்சிக்காகவே 2001-இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்ன சூட்சுமம் எளிது. வண்டியின் குணதோஷம் விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாதவன், நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம் என்று எண்ணி நடுத்தரமான ஒரு விலையைத்தான் கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டியை வைத்திருப்பவன் விற்க மனமின்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வான். நல்லவை சந்தையிலிருந்து விலக விலக, மிச்சமிருப்பவற்றின் தராதரம் தாழ்ந்து, கேட்கிற விலையும் இன்னும் தாழும். சாதாரண வண்டியில் மறைந்திருக்கும் பழுது சில நூறு பவுனோடு போகும். குவாத்ரோபோர்த்தேயில் அது வண்டியின் விலையில் பாதியை விழுங்கக்கூடுமாதலால், வாங்குகிறவனின் அச்சம் நியாயமாகவே பன்மடங்காகிறது.

இந்த இருளில் வாங்குகிறவனுக்கு ஒரு துணை உண்டு. விற்கிறவன் மறைக்கலாம், உராய்வும் வெப்பமும் ஈரமும் மறைப்பதில்லை. அவை வண்டியின் உறுப்புகளில் தாங்கள் செய்த வேலையை எழுதிவைத்துவிட்டே போகின்றன; அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு விற்கிறவனின் வாய்மொழி பாதிதான் தேவைப்படும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கிளட்ச். 2003 முதல் வந்த வண்டிகளில் டுவோசெலெக்ட் என்ற கியர் முறை இருந்தது. கிளட்ச் மிதி என்று ஒன்று இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னுள்ள துடுப்பைத் தட்டினால், கம்ப்யூட்டர் கட்டளையிட, அழுத்தப்பட்ட எண்ணெய் கிளட்சை விலக்கிக் கியரை மாற்றித் திரும்பச் சேர்க்கும். கியர்ப் பெட்டி பின் அச்சோடு சேர்ந்திருப்பதால் வண்டியின் பாரத்தில் 47 பங்கு முன்னாலும் 53 பங்கு பின்னாலும் விழுந்து, வளைவுகளில் ஓட்டுகிறவனுக்கு அபாரமான திருப்தியைத் தந்தது. ஆனால் நகரத்து நெரிசலில் இந்த ஏற்பாடு தன்னைத்தானே தின்னத் தொடங்கியது. நின்ற வண்டியை நகர்த்தும்போது, எஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போகிற வரையில் கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சில வினாடிகளில் எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல்வதாக வைத்துக்கொண்டால், வண்டி எவ்வளவு இயக்கச் சக்தியைப் பெறுகிறதோ சரியாக அவ்வளவு சக்தி கிளட்சில் வெப்பமாக மாறுகிறது என்பது பௌதிக சாஸ்திரத்தின் எளிய கணக்கு. ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள வண்டிக்கு அது ஒவ்வொரு முறையும் பல ஆயிரம் ஜூல். இது கிரமமாகப் புறப்படுகிறவனின் கணக்கு. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்கிறவனும், மேட்டில் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்கிறவனும் கிளட்சை முழுவதும் சேரவே விடாதவர்கள். அவர்களிடம் வெப்பம் இடைவிடாது பிறக்கிறது, கிளட்ச் தட்டின் உராய்வுப் பொருள் கருகிப் பொடியாகிறது. நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியின் கிளட்ச் நெடுங்காலம் நிற்க, நகரத்து வண்டியின் கிளட்ச் அதில் சிறு பங்கு தூரத்திலேயே மடிவதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஓடிய தூரம் குறைவு என்று வியாபாரி பெருமையாகச் சொன்னால், அந்தத் தூரம் எங்கே ஓடியது என்று கேட்பது உத்தமம். தட்டு தேயத் தேய, அது சேருமிடம் நகருவதைக் கம்ப்யூட்டர் கவனித்துக் கணக்கு வைத்துக்கொள்கிறது. தகுந்த கருவியுள்ள பட்டறையில் அந்தக் கணக்கைச் சதவீதமாகப் படித்துச் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணைக் கிளட்ச் மாற்றிய ரசீதின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது பேதைமை.

அடுத்தது எஞ்சின். பானெட்டைத் தூக்கியவுடன் கண்ணில் படுவது இரண்டு நீண்ட மூடிகள். அவை நீல நிறமாயிருந்தால் டுவோசெலெக்ட் வண்டியின் எஞ்சின். அதன் எண்ணெய் அடித்தொட்டியில் தேங்காமல் தனித் தொட்டியில் சேகரிக்கப்படும். சிவப்பாயிருந்தால் 2007-இல் வந்த தானியங்கிக் கியர் வண்டியின் எஞ்சின். அதன் எண்ணெய் மற்ற வண்டிகளைப் போல அடியிலேயே தங்கும். இந்த நிறவேறுபாடு அலங்காரத்துக்கு மட்டும் ஏற்பட்டதல்லவென்பது நாளடைவில் தெரிந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை, எஞ்சினின் வேகத்துக்கு ஏற்பச் சற்று முன்னும் பின்னும் திருப்பிக் கொடுக்கும் வேரியேட்டர் என்ற உறுப்பு எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. நீல மூடி எஞ்சின்களில் அது தேய்ந்துவிட்டால், இரவு முழுவதும் நின்று எண்ணெய் வடிந்த வண்டியைக் காலையில் கிளப்பும்போது, சில வினாடிகள் தகரத்தில் கல் உருளுகிற மாதிரி ஓர் ஓசை எழும். அதைச் சீர்செய்யும் செலவைக் கேட்டால் வாங்க வந்தவன் திரும்பிப் பாராமல் போய்விடுவான். எண்ணெய் சூடேறிய பிறகு ஓசை அடங்கிவிடுவதால், வண்டி பார்க்கப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியது பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பதுதான். கதகதப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ எஞ்சினை ஓட்டி அடக்கியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

நல்ல செய்தியையும் சொல்லவேண்டும். இந்த எஞ்சினில் கேம் தண்டுகளைச் சுழற்றுவது சங்கிலி. ஆகவே பழைய ஃபெராரிகளில் சில வருஷங்களுக்கு ஒருமுறை பெருஞ்செலவில் மாற்றவேண்டியிருந்த ரப்பர் பெல்ட்டின் கவலை கிடையாது. எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றியவன் கையில் இது ஆச்சரியமான ஆயுள் உள்ள எஞ்சின். இதே குடும்பத்து எஞ்சினை ஃபெராரி எஃப் 430-இலும் காணலாம். ஆனால் அங்கே கிராங்கின் முழங்கைகள் ஒரே தளத்தில் இருப்பதால் கீச்சென்ற பந்தய ஓலமும், மஸராட்டியில் அவை 90 டிகிரிக்கு ஒன்றாக விலகியிருப்பதால் அடிவயிற்றிலிருந்து வருகிற கம்பீரமான கர்ஜனையும் பிறக்கின்றன. என் அபிப்பிராயத்தில் வண்டியின் விலையில் கணிசமான பங்கு இந்த நாதத்துக்கே உரியது.

ஸ்பிரிங்குகளின் ஆட்டத்தை அடக்கும் டாம்பர்களுக்கு மஸராட்டியார் ஸ்கைஹுக் என்று பெயரிட்டார்கள். அதன் பின்னால் ரசமான கற்பனை ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் பேராசிரியராயிருந்த டீன் கார்னாப் என்பவர் 1970-களில், டாம்பரின் ஒரு முனையை வண்டியின் உடலிலும் மறுமுனையைச் சக்கரத்திலும் கட்டுவதற்குப் பதிலாக, மறுமுனையை ஆகாயத்தில் அசையாத ஓரிடத்தில் கட்டினால் எப்படியிருக்கும் என்று யோசித்தார். சக்கரம் மேடுபள்ளங்களில் எவ்வளவு குதித்தாலும் உடல் அசையாமல் மிதந்துபோகும். ஆகாயத்தில் ஆணி அடிக்க முடியாதாகையால், உடலின் அசைவை உணரும் கருவிகளை வைத்து, கட்டு இருந்திருந்தால் எவ்வளவு விசை கொடுத்திருக்குமோ அதற்கு நெருங்கிய விசையைத் தரும்படி டாம்பரின் எண்ணெய்த் துவாரத்தைக் கணத்துக்குக் கணம் மாற்றுவதே உபாயம். வாங்குகிறவனுக்கு இதில் விஷயம் என்னவென்றால், இந்த டாம்பர் ஒவ்வொன்றுக்கும் தனி மின்வால்வு உண்டு, விலையும் அதற்குத் தக்கபடி உண்டு. வண்டியை உயர்த்தி, டாம்பரின் மேல் எண்ணெய்க் கசிவு கறையாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஓட்டும்போது ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் வண்டி சட்டென்று இறுகவேண்டும். இறுகாவிட்டால் கற்பனையின் கயிறு எங்கோ அறுந்திருக்கிறது. உயர்த்திய வேளையிலேயே, குளிர்நாட்டுச் சாலைகளில் பனியை உருக்கத் தூவும் உப்பு அடிச் சட்டங்களை அரித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

உள்ளே உட்கார்ந்தால் கைக்குத் தட்டுப்படுவது பிசுபிசுப்பு. அந்தக் காலத்து இத்தாலிய வண்டிகளின் பொத்தான்களுக்கு வெல்வெட்டைத் தொடுவதுபோன்ற மென்மை வேண்டுமென்று பாலியூரிதேன் பூச்சு கொடுத்தார்கள். காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சின் நீண்ட மூலக்கூறுகளை எஸ்டர் பிணைப்பு இருக்குமிடங்களில் வெட்டிவிட, வருஷங்கள் சென்றபின் அது ஒட்டுகிற களிம்பாகிறது. நகம் பட்டால் தடம் விழுகிறது. பார்க்கச் சகிக்காத இந்தக் குறை வண்டியின் ஓட்டத்தைச் சிறிதும் பாதிப்பதில்லை. ஸ்பிரிட்டால் துடைத்தே போக்கிவிடலாம். விலையைக் குறைத்துக் கேட்க இதைவிட வசதியான சாக்கு வேறில்லை.

வெளிப்பூச்சைப் பரிசோதிக்க உள்ளங்கையளவுக் கருவி ஒன்று உண்டு. தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக நூற்றுச் சொச்சம் மைக்ரான் கனம் இருக்க, விபத்துக்குப் பின் புட்டி பூசிய இடம் பல நூறு காட்டும். ஆனால் காந்தத்தை நம்பி வேலை செய்யும் மலிவான கருவி, இந்த வண்டியின் அலுமினிய பானெட்டின்மேல் ஊமையாகிவிடும். சுழல் மின்னோட்டத்தால் அளக்கும் கருவிதான் அங்கே பேசும். டயர்களின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷத்து 23-ஆம் வாரத்தில் செய்த டயர். நாலு சக்கரத்துக்கும் நாலு கம்பெனி டயர் மாட்டிய மனிதர் எண்ணெயிலும் சிக்கனம் பார்த்திருப்பார் என்று நான் எண்ணினால், அது அபாண்டமாகாது. எச்சரிக்கை விளக்குகள் கும்பலாக எரிந்தால் மட்டும் பதற வேண்டியதில்லை: நெடுநாள் நின்ற வண்டியின் பாட்டரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே தாழ்ந்தால், கம்ப்யூட்டர்கள் இல்லாத பழுதையெல்லாம் இருப்பதாகப் பிதற்றும். பாட்டரியை நிறைத்துவிட்டு மறுபடி பார்த்தால் எவை நிஜம் என்று தெரியும்.

கடைசியில் எதை வாங்குவது என்ற கேள்வி நிற்கிறது. டுவோசெலெக்ட் வண்டி மலிவு, தானியங்கி வண்டி சற்று விலை கூடுதல். சந்தையார் இந்த வித்தியாசத்தைக் காரணமில்லாமல் வைக்கவில்லை. தானியங்கியில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே உராயும் கிளட்சுக்குப் பதிலாகத் திரவம் சுழல்வதால் நெரிசல் அதைக் கருக்குவதில்லை, எஞ்சினும் சிவப்பு மூடி எஞ்சின். 2008-இல் முகத்தைச் சற்று மாற்றி, 4.7 லிட்டர் எஞ்சினோடு வந்த எஸ் என்ற வகைக்கும் இது பொருந்தும். மலைப்பாதைகளில் துடுப்பைத் தட்டித் தட்டி ஓட்டும் இன்பத்துக்காகவே வாங்குகிறவர் நீல மூடியை எடுத்துக்கொள்ளட்டும், புதிய கிளட்சின் விலையைத் தனியே எடுத்துவைத்துவிட்டு. தினமும் ஓட்டுகிறவருக்கு நான் சிவப்பு மூடியையே சொல்வேன். நகரத்தில் இரண்டுமே லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் கொடுப்பது அபூர்வம் என்பதையும் சேர்த்து.