‘இல்லை’ என்று எழுதும் கட்டம்

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில், தண்டலம் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். இந்த வட்டாரம் எதை நம்பிப் பிழைக்கிறது என்பது விளங்கிவிடும். ஒரு ஷிஃப்டை இறக்கிவிட்டு அடுத்த ஷிஃப்டை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வந்தபடியே இருக்கும். இந்தப் பக்கம் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரிகளும், கொஞ்சம் தள்ளிப் போனால் இருங்காட்டுக்கோட்டை சிப்காட், தெற்கே ஒரகடம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்கள் காண்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆவோமா மாட்டோமா என்று தெரியாமல் வேலை பார்க்கிற ஊர்கள் இவை. அப்படிப்பட்ட பையனுக்கு ராணுவத்தின் ‘அக்னிவீர்’ விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நாலாவது வருடம் 40,000. நாலு வருடம் முடித்து வெளியே வந்தால், மாதாமாதம் பிடித்த பணமும் அரசு போட்ட பங்கும் சேர்ந்து கையில் பத்து லட்சத்துக்கு மேல்.

எழுத்துத் தேர்வுக்குப் படிக்கலாம். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் காலையில் எழுந்து பழகலாம். ஆனால் பழகிக்கொள்ள முடியாத பரீட்சை ஒன்று இருக்கிறது. அது படிவத்தில் இருக்கிறது. வலிப்பு வந்ததுண்டா? வழக்கு உண்டா? அந்த இடத்தில் பேனா நிற்கும்போது முன்னால் போய்வந்தவர்கள் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லாத்துக்கும் ‘இல்ல’ன்னு போட்டுட்டு வாடா தம்பி. எவன் பாக்கப் போறான்?”

பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்தத் தாளை அவர்கள் தூக்கிப் போடுவதில்லை.

1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 13-ஆவது பிரிவு ஒரு காட்சியையே வரைந்து வைத்திருக்கிறது. சேர வந்தவன் முன்னால் சேர்க்கும் அதிகாரி பணி நிபந்தனைகளைப் படித்து, விளக்கிச் சொல்ல வேண்டும். படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும். பொய்யான பதில் சொன்னால் தண்டனை உண்டு என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பதிலை எழுதிக்கொள்ள வேண்டும். 44-ஆவது பிரிவு அந்தத் தண்டனையைச் சொல்கிறது: வேண்டுமென்றே பொய் சொன்னது பின்னால் தெரியவந்தால், ராணுவ நீதிமன்றம் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். கம்பெனியில் மறைத்தது தெரிந்தால் கேட்டுக்கு வெளியே அனுப்புவார்கள். இங்கே கதவு உட்பக்கமாகப் பூட்டப்படும். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தெரியாமல் விட்டது குற்றமாகாது.

கேள்விகளைப் படித்தால் ஒன்றிரண்டு சுவாரஸ்யமாகவே இருக்கும். நிலத்திலோ கடலிலோ ஆகாயத்திலோ எங்கே அனுப்பினாலும் போகச் சம்மதமா, சாதி வழக்கம் எதையும் கடமைக்குக் குறுக்கே வரவிடாமல் இருப்பாயா என்று ஒரு கேள்வி. இன்னொன்று வலை போல விரிந்தது: சிறையில் இருந்ததுண்டா, உன் மேல் வழக்கு நடக்கிறதா, உன்னைப் பற்றி மாஜிஸ்திரேட்டிடமோ போலீஸிடமோ யாராவது புகார் கொடுத்ததுண்டா? தண்டனை பெற்றாயா என்று மட்டும் அது கேட்கவில்லை. புகார் என்ற அளவிலேயே கேட்கிறது.

மருத்துவப் படிவம் இன்னும் நுணுக்கமானது. ஆஸ்துமா, காதில் சீழ், மாலைக்கண், மயக்கம், தலையில் பலத்த அடி, குடும்பத்தில் யாருக்காவது வலிப்போ மனநோயோ இருந்ததா, இதற்கு முன் படையில் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதுண்டா. இவற்றில் பலவற்றுக்குப் பையனைவிட அம்மாவுக்குத்தான் பதில் தெரியும். மூன்று வயதில் காய்ச்சலோடு வெட்டு வந்தது, கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது, ஆறாம் வகுப்பு வரை குளிர்காலம் வந்தால் வீசிங்குக்கு நெபுலைசர் வைத்தது எல்லாம் அவள் நினைவில்தான் இருக்கின்றன.

இந்தத் தாளின் முழு வலிமையும் தெரிய வேண்டுமென்றால் தரம்வீர் சிங்கின் வழக்கைப் படிக்க வேண்டும். அவர் 1985 ஜூன் 15 அன்று ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர். ஏறத்தாழ ஒன்பது வருடப் பணிக்குப் பிறகு, 1994 ஏப்ரல் 1 அன்று வலிப்பு நோய் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவீதம் என்று மருத்துவக் குழு மதிப்பிட்டது. அதோடு, இந்த நோய் அவர் உடல்வாகில் இருந்தது, ராணுவப் பணியால் வந்ததல்ல என்றும் எழுதியது. அந்த ஒரு வரியால் ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது.

அவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2004-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக்கும் எஸ்.ஜே. முகோபாத்யாயாவும் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட நூல் எளிமையானது. சேரும்போது இவருக்கு நோய் இருந்ததாகக் குறிப்பு ஏதும் இல்லை. அப்படியென்றால் இவர் நலமாகத்தான் உள்ளே வந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியில் வந்ததாகவே ஊகிக்கப்படும். அதை நிரூபிக்கும் சுமை சிப்பாய் மேல் கிடையாது. நோய் முன்பே இருந்தது என்று சொல்லும் மருத்துவக் குழு அதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதப்படவில்லை. ஓய்வூதியம் கிடைத்தது, வேலை போய்ப் பத்தொன்பது வருடம் கழித்து.

அவரைக் காப்பாற்றியது 1985-இல் நிரப்பிய தாள். பையன்கள் அந்தப் படிவத்தைத் தங்களுக்கு வைத்த பொறியாகப் பார்க்கிறார்கள். பின்னாளில் சிப்பாய்க்காகச் சாட்சி சொல்லப் போவதும் அதே தாள்தான். அதில் பொய் இருந்தால் சாட்சி எதிர்த்தரப்புக்குப் போய்விடும். சிறுவயது வலிப்பை மறைத்துச் சேர்ந்தவனின் பழைய மருத்துவச் சீட்டு ஒன்று பின்னால் வெளியே வந்தால், நலமாக உள்ளே வந்தான் என்ற ஊகத்தைக் கேட்க அவனுக்கு வாய் இருக்காது.

உண்மையாக எழுதியவருக்கெல்லாம் வெற்றி நிச்சயம் என்றும் இல்லை. 2019 அக்டோபரில் நர்சிங் யாதவ் என்ற சிப்பாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. சேரும்போது கண்டுபிடிக்கப்படவில்லை என்பதாலேயே மனச்சிதைவு நோய் பணியால் வந்தது என்று ஆகிவிடாது. அப்படிப்பட்ட நோய் வழக்கமான பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்றது. 2023 செப்டம்பரில் இழப்பீட்டு விதிகளே மாற்றி எழுதப்பட்டபோது, முன்னாள் படைவீரர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அக்னிவீரருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். அவருக்கு வழக்கமான ஓய்வூதியம் கிடையாது. பணியால் வந்த ஊனத்துக்கு, அதன் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம் ரூபாய் கருணைத்தொகை உண்டு. ‘பணியால் வந்த’ என்ற அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் நிற்கிறது.

பணம் ஒரு பக்கம். தூக்கமில்லாத இரவுகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்று நரம்பியல் மருத்துவர்கள் எப்போதும் சொல்வார்கள். காவல் பணியின் இயல்பே தூக்கமில்லாத இரவுதான். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தனியாக நிற்பவனுக்கு அங்கே வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பதைத் தண்டலத்துப் பையனுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரஸ் ஷாப்பில் வேலைக்கு எடுக்கும்போதும் கம்பெனி டாக்டர் அதே கேள்வியைக் கேட்பது ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

சில விஷயங்களைச் சொல்வதால் கதவு மூடுவதுமில்லை. கண்ணுக்கு லேசிக் செய்துகொண்டவர் சி.டி.எஸ். தேர்வு வழியாக ராணுவ அதிகாரியாகலாம். சிகிச்சையின்போது இருபது வயது கடந்திருக்க வேண்டும், சிகிச்சை முடிந்து பன்னிரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. அதை மறைத்துப் பயனும் இல்லை, கருவிழியின் தடிமனை அளந்தால் தானே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 2022 மார்ச் முதல் இந்தக் கண்ணாமூச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது. படையில் சேர வருபவரின் பழைய மருத்துவமனைப் பதிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் ‘எம்.எச்.எஸ். ஜெனிசிஸ்’ என்ற கணினி முறை நேராக எடுத்துப் பார்க்கிறது. அதற்குப் பிறகு விலக்குக் கேட்டு நிற்போர் வரிசை நீண்டது. நம் நாட்டில் 2021 முதல் விரும்புவோருக்கு ஆரோக்கிய அடையாள எண் கொடுத்துவருகிறார்கள். இன்று அது படிவத்தோடு இணைக்கப்படவில்லை.

போலீஸ் விஷயத்தில் இணைப்பு முன்பே வந்துவிட்டது. காவல் நிலையங்களின் பதிவுகள் கணினியில் ஒரே வலைப்பின்னலில் இருக்கின்றன. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பெரும்பாலான முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றச் சொல்லிவிட்டது. ‘எவன் பாக்கப் போறான்’ என்பவர்கள் பத்திருபது வருடத்துக்கு முந்தைய உலகத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பகுதியில் ஒரு பையன் மேல் வழக்கு விழ அவன் ரௌடியாக இருக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்கள் மோதிக்கொண்டால் புகாரில் இருபது பெயர் சேரும். 2024 செப்டம்பரில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் காஞ்சிபுரத்தில் ஊர்வலம் போக முயன்றபோது நூறு பேருக்கு மேல் பிடித்து வைக்கப்பட்டார்கள். போராட்டக்காரர்களைக் காலையில் பிடித்து, கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, மாலையில் விட்டுவிடுவது தமிழ்நாட்டில் பழகிப்போன காட்சி. அது கைதா? படிவத்தில் எழுத வேண்டுமா? அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டமே இப்படி ஒரு கேள்வியோடுதான் பிறந்தது. 2022 ஜூன் 14-இல் திட்டம் அறிவிக்கப்பட்டதும் நாடெங்கும் போராட்டம்; 18-ஆம் தேதி சென்னைப் போர் நினைவுச் சின்னம் அருகிலும் இளைஞர்கள் கூடினார்கள். மறுநாளே லெப்டினன்ட் ஜெனரல் அனில் புரி, போராட்டத்திலோ தீவைப்பிலோ தனக்குப் பங்கில்லை என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும், போலீஸ் விசாரணை நூறு சதவீதம் நடக்கும் என்று அறிவித்தார். தீ வைத்தவனையும் கோஷம் போட்டவனையும் ஒரே வரியில் நிறுத்தியது சரியா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது, இப்போதும் நிற்கிறது.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் கோஷம் போட்டதற்காகத் தண்டனை பெற்று, அதைச் சொல்லாமல் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் எழுத்தர் வேலைக்குத் தேர்வான வாசுதேவன் நாயருக்கு, அந்தக் காரணத்துக்காக வேலையை மறுக்கக் கூடாது என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லி போலீஸுக்கு 1999-இல் விண்ணப்பித்த சந்தீப் குமார், விண்ணப்பத்தில் வழக்கு ‘இல்லை’ என்று எழுதினார். குடித்தனக்காரரோடு நடந்த அடிதடி வழக்கு ஒன்று இருந்தது; சமரசமாகி 1998-லேயே விடுதலையும் ஆகியிருந்தது. 2001-இல் அடுத்த படிவம் வந்தபோது அவரே அதை எழுதிவிட்டார். 2011-இல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ரொட்டி திருடிவிட்டு வாழ்நாள் முழுக்கத் துரத்தப்பட்ட நாவல் பாத்திரமான ழான் வால்ழானை நினைவுகூர்ந்து, இளமையில் செய்த சிறு பிழையை ஆயுளுக்கும் முத்திரையாகக் குத்தக் கூடாது என்ற கருத்தில் அவர் பக்கம் நின்றார்.

இப்படித் தீர்ப்புகள் அங்குமிங்கும் இழுத்ததால், 2016 ஜூலை 21 அன்று அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் ஒரு சட்டகம் போட்டார்கள். கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று தண்டிக்க முடியாது. அற்ப வழக்கை மறைத்திருந்தால் வேலை தருபவர் மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னாலும், அவரைக் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதே சட்டகத்தை வைத்துக்கொண்டு, 2022 மே மாதம் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் பவன் குமாருக்கு வேலையைத் திருப்பித் தந்தது உச்ச நீதிமன்றம். செப்டம்பரில் சி.ஆர்.பி.எஃப். காவலர் சதீஷ் சந்திர யாதவுக்குக் கிடையாது என்றது. மறைத்துவிட்டு மன்றத்துக்குப் போவது லாட்டரிச் சீட்டு வாங்குவது போலத்தான்.

ராணுவம் கிடைக்காவிட்டால் தமிழ்நாடு போலீஸ் என்று நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு முள் இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் பணி விதி 14(பி)-இன் விளக்கப்படி, சந்தேகத்தின் பலனாலோ புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர், ‘வழக்கில் தொடர்புடையவர்’ என்றே கருதப்படுவார். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு மணிகண்டன் வழக்கில் அதை ஏற்றது. வழக்கை மறைத்தால், அது எப்படி முடிந்திருந்தாலும் விண்ணப்பத்தைத் தள்ளலாம் என்றும் சொன்னது. ‘விடுதலை ஆயிட்டோமே’ என்று நினைத்துக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் இந்த வரியில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பதினெட்டு வயதுக்குள் நடந்தது என்றால் கணக்கு வேறு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், கடுங்குற்றத்துக்காகப் பெரியவராகவே விசாரிக்கப்பட்ட 16 வயது தாண்டியவரைத் தவிர, மற்றவர்களுக்கு அந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது. ரமேஷ் பிஷ்னோய் சி.ஐ.எஸ்.எஃப்.-இல் உதவி ஆய்வாளராகத் தேர்வானபோது, சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கையும் விடுதலையையும் தானே படிவத்தில் எழுதினார். எழுதியதற்காகவே அவரைத் தகுதியில்லை என்று தள்ளினார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் ஒளித்திருந்தால், விவாதம் சிறார் சட்டத்தைப் பற்றி நடந்திருக்காது, அவருடைய பொய்யைப் பற்றித்தான் நடந்திருக்கும்.

ஆக, அடுத்த தேர்வுக்கு முன்னால் தண்டலத்துப் பையனுக்கு மைதானத்தில் ஓடுவதைத் தவிர இன்னும் இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது. ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றத்தின் நகல் பிரிவு. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு வழக்கு எண்ணோடு மனுப் போட வேண்டும். கைக்கு வர நாளாகும், ஆகவே அழைப்பு வந்த பிறகு ஓடினால் போதாது. இன்னொன்று வீட்டிலேயே, அம்மாவின் பீரோ. பழைய பாலிதீன் கவரில், தடுப்பூசி அட்டைக்கும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் நடுவில், வலிப்பா வெறும் காய்ச்சலா என்று டாக்டர் எழுதியது இன்னும் அழியாமல் இருக்கலாம்.