புள்ளியும் நிரல் முறிவும்: பைத்தானில் தமிழ்ப் பனுவல் வாசிப்பு

முன்னுரை

சொல்லடைவு, ஊர்ப்பெயராய்வு, நடையியல் ஆகியவற்றில் பைத்தான் நிரல்மொழி இன்று பயன்படுத்தப்படுகிறது. இதன் கட்டளைகளை வரிமொழிமாற்றி ஒவ்வொன்றாக இயக்குவதால், பிழை நேரும் இடம்வரை ஓடிய பின்னரே நிரல் முறிகிறது. தமிழ்க் கோப்பை வாசிக்கையில் நேரும் அத்தகைய முறிவொன்றைச் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை ஊரான நெம்மேலியின் பெயரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முறிவின் காரணம்

‘நெம்மேலி’ என்பது இலக்கண மரபில் நான்கு எழுத்து. ஒருங்குறியிலோ ந, எகரக் குறி, ம, புள்ளி, ம, ஏகாரக் குறி, ல, இகரக் குறி என எட்டுக் குறியெண்கள். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறுவதால் மொத்தம் 24 பைட்டுகள்.

ஆங்கில அமைப்புடைய விண்டோஸ் கணினியில் குறியாக்கம் சுட்டப்படாதபோது, பைத்தான் 3இன் பெரும்பாலான பதிப்புகள் கோப்பை விண்டோஸ்-1252 முறையில் வாசிக்கின்றன. அம்முறையில் 129, 141, 143, 144, 157 ஆகிய எண்களுக்குக் குறி இல்லை. புள்ளியின் இறுதிப் பைட்டு 141 ஆகும். எனவே பன்னிரண்டாம் பைட்டில் நிரல் முறிகிறது. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் பிழைச்செய்தி அவ்விடத்தை 11 எனக் காட்டும். மெய்க்கு அடையாளமெனத் தொல்காப்பியம் வகுத்த புள்ளியே இங்கு முறிவிடம் ஆகிறது. உகரக் குறி (129), ஏ (143), ஐ (144) ஆகியவற்றுக்கும் இந்நிலை உண்டு.

முறியாத பிழை

‘மலை’ என்னும் சொல்லில் இவற்றுள் எதுவும் இல்லை. ஆகவே நிரல் முறியாது. இரண்டு எழுத்துச் சொல் ஒன்பது அயற்குறிகளாக வாசிக்கப்படும். பிழைகளைப் புறக்கணிக்குமாறு நிரலை அமைப்பதும் இத்தகையதே. அவ்வாறு செய்தால் ‘நெம்மேலி’ 23 அயற்குறிகளாகத் திரியும். முறிவு ஆய்வாளரை எச்சரிக்கிறது. இவ்வமைதியோ தவறான தரவை ஆய்வுக்குள் புகுத்துகிறது.

தீர்வும் சரிபார்ப்பும்

பிழைச்செய்தியின் இறுதி வரியை முதலில் படித்து, குறியாக்கத்தின் பெயர், பைட்டு, இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், கோப்பைத் திறக்கும் கட்டளையிலேயே யு.டி.எஃப்-8 எனச் சுட்ட வேண்டும். அதன்பின் ‘நெம்மேலி’யின் நீளம் எட்டு எனக் கிடைத்தால் வாசிப்புச் சரி, 23 அல்லது 24 எனில் தவறு. எழுத்தெண்ணிக்கையாகிய நான்கைப் பெற, ஓப்பன்-தமிழ் நிரலகத்தின் எழுத்துப் பிரிப்பைப் பயன்படுத்தலாம்.

முடிவுரை

நிரல் முறியாமல் ஓடியது என்பது தரவு சரியென்பதற்குச் சான்றாகாது. எழுத்தெண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட யாப்பு, நடை ஆய்வுகளில், அறிந்த சொல்லொன்றால் வாசிப்பைச் சோதித்த பின்னரே முடிவுகளை ஏற்க வேண்டும்.