பார்க்காத அறிவிப்பும் கவனத்தைக் கலைப்பது ஏன்?

ஒரு வேலை முடியும்வரை அதற்கு வேண்டிய சில விவரங்களை மட்டும் மூளை தற்காலிகமாகத் தாங்கி வைத்திருக்கும் திறனான ‘செயல்படு நினைவு’ மிகக் குறுகியது என்பதே, கைபேசியின் சிறு அதிர்வுகூட வேலையைக் குலைப்பதற்கு அடிப்படைக் காரணமாகும். பேரேட்டில் நீண்ட கூட்டல் ஒன்றைப் போடுபவர், பத்தாம் வரியில் இருக்கும்போது மேசைமேல் கைபேசி அதிர்ந்தால், அதை எடுத்துப் பார்க்காவிட்டாலும், ‘யாராக இருக்கும்?’ என்ற கேள்வி உள்ளே நுழைந்து, மனத்தில் நின்ற எண்ணை வெளியே தள்ளிவிட, முதல் வரியிலிருந்தே மீண்டும் கூட்ட வேண்டியவராகிறார். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்விலும், கைபேசியைத் தொடாதவர்களிடம்கூட அறிவிப்பு வந்ததும் பிழைகள் கூடியது தெரியவந்தது.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினாலும் சிக்கல் தீர்வதில்லை. முடிக்காமல் விட்ட வேலையில் மனத்தின் ஒரு பகுதி தங்கிவிடுவதை, ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ‘கவன எச்சம்’ என்று பெயரிட்டு விளக்கினார். ஆகவே இப்படிக் கவனம் கலைவதை மன உறுதிக் குறைவு என்று பழிப்பது பெரும் அநீதி. அறிவிப்புகளை நிறுத்தி, செய்திகளைக் குறித்த வேளைகளில் மட்டும் சேர்த்துப் பார்ப்பது தூண்டுதலையே அகற்றுகிறது. தவிர்க்க முடியாத அழைப்பு வரும்போது, விட்ட இடத்தையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் ஒரு வரியில் குறித்துவிட்டு எழுந்தால், அந்த எச்சம் குறைகிறது என்பதை லெராயும் சக ஆய்வாளர் தெரசா குளோமும் 2018இல் காட்டினர். கூட்டலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய இடைத்தொகையும் அதே பணியைத்தான் செய்கிறது.