உங்களுக்குத் தெரியுமா? நாய் தந்த மருந்து நாய்க்கே!

டொராண்டோவின் வோபர்ன் பகுதியில் நீரிழிவு வந்த ஒரு நாய்க்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுகிறார்கள் என்றால், அந்த மருந்தின் பிறந்த ஊரும் இதே டொராண்டோதான். 1921இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையம் அகற்றிய நாய்களுக்குக் கணையச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். மார்ஜரி என்ற நாய் கணையமே இல்லாமல் ஏறக்குறைய 70 நாள் உயிர் வாழ்ந்தது. 1922 ஜனவரியில் நீரிழிவு வந்த 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு மருந்து போனது நாய்களில் சோதித்துப் பார்த்த பிறகுதான். 1923 நோபல் பரிசில் பாண்டிங், அவருக்கு ஆய்வகம் தந்த பேராசிரியர் மெக்லியொட் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. மார்ஜரியின் பெயரையும் நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

பன்றி இன்சுலினின் அமினோ அமில வரிசையும் நாய் இன்சுலினின் வரிசையும் அச்சு அசல் ஒன்றே. அதனால் பன்றி இன்சுலின் நாய்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

பூனையின் கதை வேறு. கால்நடை மருத்துவரின் மேசையில் ஏறியதுமே பயத்தில் அதற்கு ரத்தச் சர்க்கரை கூடிவிடக்கூடும்! ஆகவே ஒருமுறை எடுத்த ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பாமல், முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனையும் செய்கிறார்கள். சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலையும் வருகிறது.

ஓயாமல் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது: உங்கள் நாயிடமோ பூனையிடமோ இவை தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு வந்த நாய்களுக்குக் கண்புரை வெகு வேகமாக வளரும்.