கணக்கு மூடப்பட்டது, காரணம் கேட்காதீர்கள்

தெம்பனிஸில் எங்கள் பக்கத்து புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் பேரங்காடியில் அட்டையை மூன்று முறை தட்டிப் பார்த்தார். ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அஞ்சல் பெட்டியில் வங்கியின் கடிதம். உங்கள் கணக்கை மூடிவிட்டோம் என்று இரண்டே வரி. பதினைந்து ஆண்டுக் கணக்கு அது.

சம்பளம் வருவது அதில்தான். தண்ணீர், மின்சாரக் கட்டணமும் நகர மன்றக் கட்டணமும் ஜைரோ வழியாகப் போவது அதிலிருந்துதான். அடையாள அட்டை எண்ணுடன் பேநவ் இணைந்திருந்ததும் அதே கணக்கு. மீதித் தொகை காசோலையாக வந்தது. காசோலையைப் போடக் கணக்கு வேண்டுமே!

தொலைபேசியில் அழைத்தால் முக்கால் மணி நேரம் இசை. பாட்டுப் போட்டுப் பிழைப்பவள் நான். எனக்கே அது பொறுக்கவில்லை. கடைசியில் பேசிய இளைஞர், “காரணம் சொல்ல இயலாதுங்க” என்றார், பணிவாகத்தான்.

அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. சந்தேகத்துக்குரிய பணப் பரிவர்த்தனையை வங்கி அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததை வெளியே சொல்லி விசாரணையைக் கெடுப்பது சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட்டில் 10 வெளிநாட்டினர் கைதாகி, 3 பில்லியன் வெள்ளி கள்ளப்பண வழக்கு வெளிவந்த பிறகு வங்கிகளின் கண்காணிப்பு இன்னும் இறுகியது. அக்கா தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்பவர். முகம் தெரியாத பலரிடமிருந்து சிறு சிறு தொகைகள் வரும், பிறகு மொத்தமாகத் தஞ்சாவூருக்குப் போகும். கணினியின் கண்ணுக்கு அது முறுக்காகத் தெரியவில்லை போலும். இது என் ஊகம்தான். வங்கி வாய் திறக்கவில்லை.

காரணம் சொல்ல முடியாது என்பதை ஏற்கலாம். அவகாசமும் தர முடியாதா? இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1923ல் லண்டனில் பிராஸ்பெரிட்டி என்ற நிறுவனம் லாய்ட்ஸ் வங்கிமீது வழக்குப் போட்டது. கணக்கை மூட வங்கி தந்த ஒரு மாத அவகாசம் அந்தச் சூழலில் போதாது என்றார் நீதிபதி. ஆனால் கணக்கைத் தொடர்ந்து நடத்தும்படி வங்கியைக் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டார். நம் வங்கிச் சட்டத்தின் வேரும் ஆங்கிலச் சட்டத்தில்தான். ஆயினும் நாம் படிக்காமல் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளில், உடனே மூடும் உரிமையையும் வங்கிகள் எழுதி வைத்துக்கொள்வதுண்டு.

பிரபலமானவர் என்றால் கதை வேறு. பிரிட்டிஷ் அரசியல்வாதி நைஜல் ஃபராஜின் கணக்கை கூட்ஸ் வங்கி மூடியது 2023ல் பெரும் சர்ச்சையானது. அவரைப் பற்றி பிபிசி செய்தியாளரிடம் பேசியதை ஒப்புக்கொண்ட தாய் வங்கியின் தலைமை நிர்வாகி அலிசன் ரோஸ் அந்த ஜூலையிலேயே பதவி விலகினார். கணக்கை மூட 90 நாள் அவகாசம் தர வேண்டும் என்ற விதியை பிரிட்டிஷ் அரசாங்கமும் அறிவித்தது. முறுக்கு விற்பவருக்காக எந்த அரசாங்கமும் அத்தனை விரைவாக அசைந்து நான் பார்த்ததில்லை.

இங்கே நமக்கு இருக்கும் வழி, முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் புகார் செய்வது. காரணம் கிடைக்காவிட்டாலும் மீதிப் பணம் எப்படி, எப்போது வரும், ஜைரோ எந்தத் தேதியில் நின்றது என்பதற்குப் பதில் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 2005 முதல் இயங்கும் ஃபிட்ரெக் என்ற தகராறு தீர்வு நிலையத்தை நாடலாம். ஆனால் வங்கியின் வணிக முடிவுகளில் அது தலையிடாது என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

அதைவிட உடனே கைகொடுப்பது, வேறொரு வங்கியில் இரண்டு மாதச் செலவுக்கான தொகையோடு இன்னொரு கணக்கு. வீட்டிலிருந்து வியாபாரம் செய்பவர்கள் அந்த வரவைச் சம்பளக் கணக்கில் கலக்காதீர்கள். ஊரில் நிலம் விற்ற பணம் வருகிறதென்றால் பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு, வங்கி கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.