இணைய வேகத்தை அளந்தறிவோம்

தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கும் நம் தாய்மார்கள், பூக்காரி முழமிடும் கையின்மேல் வைத்த கண்ணை எடுப்பதில்லை. சிறு தொகைக்கு வாங்கும் பூவுக்கே இத்தனை விழிப்பு! திங்கள்தோறும் பல நூறு ரூபாய் கட்டிப் பெறும் இணையத்தையோ நம்மிற் பலர் அளந்து பார்ப்பதேயில்லை. மெதுவாக வருகிறதென்று சலித்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறோம்.

இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. மைசூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பு அரிது. 2001ஆம் ஆண்டில் தமிழக அரசு தோற்றுவித்து, இந்நாளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனத்தின் பாடங்களும், ஊரிலுள்ள தாத்தா பாட்டியரின் முகமும் குரலும் இவ்விணைப்பின் வழியேதான் நம் வீட்டுக்குள் வருகின்றன. இணைப்புத் தளர்ந்தால் வீட்டுத் தமிழும் தளரும்.

வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று கூறுவர். பிட் வேறு, பைட் வேறு. 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே வந்து சேரும். 500 மெகாபைட் அளவுள்ள பாடப் படம் இறங்க 40 நொடி ஆகும். வேகம் 20 மெகாபிட்டாகக் குறைந்தால் 200 நொடி ஆகும். 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை 256 கிலோபிட்டையே குறைந்த அளவாகக் கொண்டது. 2023இல் மைய அரசு அதனை 2 மெகாபிட்டாக உயர்த்தியது. எனினும் நாம் ஒப்பிட வேண்டியது, நம் திட்டத்தில் எழுதியுள்ள அளவோடுதான்.

நிற்க, அளக்கும் முறையைக் காண்போம். ஸ்பீட்டெஸ்ட் போன்ற தளங்கள் இப்பணியை இலவசமாகச் செய்கின்றன. முதலில் வீட்டிலுள்ள பிற கைப்பேசிகளையும் தொலைக்காட்சியையும் இணையத்தினின்று விலக்குக. கணினியைக் கேபிள் கொண்டு ரூட்டரோடு நேரே இணைத்து அளக்குக. காலையில் மும்முறை, கூட்டம் மிகும் இரவு 8 மணிக்குமேல் மும்முறை என ஒரு வாரம் அளந்து, நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டும். பெங்களூர்ச் சர்வரோடு ஒருமுறையும் சென்னைச் சர்வரோடு ஒருமுறையும் அளப்பது நன்று. 100 மெகாபிட் வேகத்தில் 10 நொடி அளந்தாலே 125 மெகாபைட் செலவாகுமாதலின், அளவு வரையறுத்த திட்டமுடையோர் சிக்கனம் பேணுக.

மூன்று எண்கள் கிடைக்கும். பதிவிறக்க வேகம் பாடத்தைக் கொண்டுவருவது. பதிவேற்ற வேகம் நம் பிள்ளையின் முகத்தைப் பாட்டிக்குக் கொண்டுசெல்வது. பிங் என்பது செய்தி சென்று திரும்பும் நேரம். இது மில்லிநொடிக் கணக்கில் வரும். இது மிகுந்தால், பேச்சுக்கும் மறுமொழிக்கும் இடையே தயக்கம் தோன்றும்.

இனி, குறை யாருடையது? கேபிளில் நல்ல வேகம் வந்து, உள்ளறையில் வைஃபை மட்டும் தளர்ந்தால், குறை நம் வீட்டினுடையது. பழைய மைசூர் வீடுகளின் தடித்த சுவர்கள் அலையை மறிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆயின் சுவரைத் தாண்டத் திணறும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, ஆயின் நெடுந்தொலைவு செல்லும். இரும்பு பீரோவின் பின்னே கிடக்கும் ரூட்டரை வீட்டின் நடுவே உயர்ந்த இடத்தில் வைத்தாலே பெரும் மாற்றம் தெரியும்.

கேபிளிலும் வேகம் குன்றினால், திட்டத்தின் மாத அளவு தீர்ந்துவிட்டதா என்று முதலில் பார்க்க. தீராதிருப்பின், குறிப்பேட்டோடு நிறுவனத்திடம் முறையிட்டுப் புகார் எண்ணைக் கேட்டுப் பெறுக. அங்கே தீராவிடில், டிராய் ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். வெறும் சலிப்புக்குக் கிடைக்காத மதிப்பு, நாள் குறித்த எண்களுக்குக் கிடைக்கும்.

அடுத்த கட்டணம் கட்டுமுன் ஒவ்வோர் இல்லத்தாரும் ஒரு வாரம் இவ்வாறு அளந்து பார்ப்பாராக. பாட்டி சொல்லும் கதை பாதியில் அறுந்துபோகும் வீடுகள் நம்மிடையே குறையட்டும்.